முறை யாருடையது?

பொய்யென்று தெரிந்தே ஒரு பொய்யை ரசிப்பது குற்றமா? நாடகம் பார்க்கிறவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மேடையில் அரசனாக வருகிறவர் அரசர் அல்லர் என்பது பார்க்கிறவர்களுக்கும் தெரியும், நடிக்கிறவருக்கும் தெரியும். இரு தரப்பாரும் மனமொப்பிச் செய்துகொண்ட உடன்பாடு அது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், படித்தவர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். 'எல்லாம் போலி, குழந்தைகளைக் காட்டிப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் வித்தை' என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. அங்கே ஆராய வேண்டிய அறக்கேள்வி ஒன்று உண்டு. அதைக் கோட்டை கொத்தளங்களில் தேடிப் பயனில்லை. அவற்றின் வாசலில் வளைந்து வளைந்து நிற்கிறதே ஒரு மனித வரிசை, அங்கே தேட வேண்டும்.

முதலில் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

ஃபிளாரிடா மாநிலத்தில் ஆர்லண்டோ நகருக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1960-களில் சதுப்பும் புதரும் மேய்ச்சல் தரையுமாக இருந்த நிலம் அது. ஏறக்குறைய 27,000 ஏக்கரை, வேறு வேறு கம்பெனிகளின் பெயரில், வாங்குகிறவர் யாரென்று தெரியாதபடி சத்தமில்லாமல் வாங்கினார்கள். டிஸ்னி என்ற பெயர் கசிந்திருந்தால் விலை விண்ணை முட்டியிருக்கும். 1965-ஆம் ஆண்டில் செய்தி வெளிப்பட்டபோது பெரும்பகுதி நிலம் கைக்கு வந்துவிட்டிருந்தது. கனவு கண்ட வால்ட் டிஸ்னி அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1966 டிசம்பரில் காலமானார். ஓய்வு பெறவிருந்த தமையனார் ராய் டிஸ்னி அந்தப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். 1971 அக்டோபர் முதல் தேதி வாசல் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

அன்று திறந்த பூங்காவின் பெயர் மாஜிக் கிங்டம். பின்னர் 1982-ல் எப்காட், 1989-ல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படும் பூங்கா, 1998-ல் அனிமல் கிங்டம் என்று நான்காகப் பெருகியது. நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், மாலையில் காலைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாஜிக் கிங்டத்தின் நடுவில் நிற்கிறது சிண்டரெல்லாவின் கோட்டை. உயரம் 189 அடி. அதில் ஒரு செங்கல் கூடக் கிடையாது. எஃகுச் சட்டம், காங்கிரீட், கண்ணாடி இழை, வர்ணம், அவ்வளவுதான். மேலே போகப் போக ஜன்னல்களையும் கல் வடிவங்களையும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கண் அதை நம்பி, இருப்பதை விட உயரமாகக் கணக்குப் போடுகிறது. கோட்டைக்கு முன்னால் உள்ள கடைத்தெருவிலும் இதே தந்திரம்தான். மாடிகள் கீழ்த்தளத்தை விடச் சிறியவை.

அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி தெரிவதில்லை. அவர்கள் நடப்பது தரையின் மேல் அன்று. ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தில். ஃபிளாரிடாவில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். ஆகவே தரைமட்டத்திலேயே நீண்ட நடைவழிகளைக் கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை அமைத்தார்கள். வேலைக்காரர்கள் போவதும் வருவதும், உடை மாற்றுவதும், சாமான் கொண்டுபோவதும், குப்பை வெளியேறுவதும் அந்த நடைவழிகளில். பழங்காலத்து மாட்டுக்காரன் வேஷம் போட்டவன் எதிர்கால உலகத்தின் நடுவே நடந்துபோனால் கனவு கலைந்துவிடும் அல்லவா? அது கலையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அங்கே வேலை செய்கிறவர்களை 'நடிகர் குழுவினர்' என்றே அழைக்கிறார்கள். வருகிறவர்கள் 'விருந்தினர்'. மக்கள் பார்வையில் படும் இடம் 'மேடை'. படாத இடம் 'மேடையின் பின்புறம்'. நாடகம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

எப்காட்டின் கதை வேறு. இருபதினாயிரம் பேர் வாழக்கூடிய ஒரு வருங்கால நகரத்தையே அங்கே எழுப்ப வேண்டும் என்று வால்ட் டிஸ்னி விரும்பினார். அவரோடு அந்த நகரமும் போய்விட்டது. பெயர் மட்டும் மிஞ்சி, ஒரு நிரந்தரப் பொருட்காட்சியாக மாறியது. வாசலில் 165 அடி விட்டமுள்ள பெரிய கோளம். உள்ளே ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் மாதிரிகள். மெக்ஸிகோவில் தொடங்கி நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று நடந்து, பாஸ்போர்ட் இல்லாமலே கனடாவில் போய் முடிக்கலாம். அனிமல் கிங்டத்தில் 145 அடி உயர மரம் ஒன்று நிற்கிறது. அதன் உள்ளே இருப்பது கடலில் எண்ணெய் எடுப்பவர்கள் பயன்படுத்தும் மேடையின் இரும்புச் சட்டம். லட்சத்துக்கும் மேற்பட்ட இலைகள், ஒன்றுகூடப் பழுப்பதில்லை. அடிமரத்திலும் வேரிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதே பூங்காவின் இன்னொரு பக்கத்தில் உண்மையான ஒட்டகச்சிவிங்கிகள் உண்மையான இலைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் போலி என்று சொல்லலாம்; வஞ்சனை என்று சொல்ல முடியாது. வாசலிலேயே 'இது கனவு' என்று எழுதிவைத்துவிட்டு விற்கப்படும் கனவு இது. மாலையில் வீடு திரும்பும் எந்தக் குழந்தையும், 'சிண்டரெல்லாவின் கோட்டையில் செங்கல் இல்லையாமே, மோசம் போனோமே' என்று அழுவதில்லை. கதை கேட்கத் தெரிந்த மனத்துக்கு எது கதை என்பதும் தெரியும்.

அப்படியானால் அங்கே உண்மை என்று ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. மண்டையைப் பிளக்கும் வெயில் உண்மை. கோடைக்காலப் பிற்பகலில் திடீரென்று கொட்டித் தீர்க்கும் மழை உண்மை. பசி, தாகம், தகப்பன் தோளில் துவண்டு தூங்கும் குழந்தையின் கனம், எல்லாம் உண்மை. இவற்றை விடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. அதுதான் காத்திருத்தல்.

ஐந்து நிமிஷம் ஓடும் ஒரு படகுக்காகவோ வண்டிக்காகவோ ஒரு மணி நேரம் நிற்பது அங்கே சாதாரணம். கம்பிகளைப் பாம்பு போல் வளைத்து வளைத்துக் கட்டியிருப்பதால் வரிசை எவ்வளவு நீளம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் 'வந்துவிட்டோம்' என்று தோன்றும். திரும்பினால் இன்னொரு வளைவு. நிற்கிறவர்களின் அலுப்பைப் போக்க என்னென்னவோ செய்திருக்கிறார்கள். பேய் மாளிகையின் வாசலில் வேடிக்கையான வாசகங்கள் எழுதிய கல்லறைகளை வைத்து, படித்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்தாலும் நிற்பது நிற்பதுதான். காத்திருத்தலைக் கண்ணாடி இழையால் செய்துவைக்க இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த வரிசைக்குள் ஓர் அருமையான காரியம் நடக்கிறது. முன்னே நிற்கிறவர் டாக்டராக இருக்கலாம். பின்னே நிற்கிறவர் லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம். பல ஆண்டு சேமிப்பைச் செலவழித்து ஒரே முறை வந்தவர்களும் உண்டு. ஆண்டுதோறும் வருகிறவர்களும் உண்டு. வரிசைக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: யார் முன்னே வந்தார்? அந்த ஒரு கேள்விக்கு முன்னால் பதவியும் பட்டமும் பரம்பரையும் வாயடைத்து நிற்கின்றன. கோடிக்கணக்கான டாலரைக் கொட்டிக் கட்டிய அத்தனை அற்புதங்களிலும், ஒரு காசு செலவில்லாமல் உண்டான இந்த அற்புதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாசலில் ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள். 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற இருட்டு மலை வண்டியில் ஏற வேண்டுமானால் 44 அங்குல உயரம் வேண்டும். அரை அங்குலம் குறைந்தாலும் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலாளி மகனுக்கும் அதே கோல்தான். தோட்டி மகளுக்கும் அதே கோல்தான். அந்த அரை அங்குலத்தை எந்தப் பணக்காரனும் விலை கொடுத்து வாங்க முடியாது. திரும்பி வரும் குழந்தை அழும். ஆனால் அந்த அழுகையில் அவமானம் இல்லை. 'அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவாய்' என்று தேற்றிவிடலாம்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. உயரம் போதாத குழந்தையோடு வந்த தம்பதியர் இருவரும் ஒரே சமயத்தில் ஏற முடியாது. தாய் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, தகப்பன் போய் வருவான். பிறகு தாய் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்காமல் நேரே ஏறிக்கொள்ளலாம். இதைப் பார்த்து வரிசையில் நிற்கும் யாரும் முணுமுணுப்பதில்லை. ஏன்? விலக்கு இருக்கிறது, ஆனால் அந்த விலக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு வழி விடுவது வரிசையின் அறத்தைக் குலைப்பதில்லை; நிறைவு செய்கிறது.

நம்முடைய மொழியில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. 'என் முறை வந்தது' என்றால் வரிசையில் எனக்குரிய நேரம் வந்தது என்று பொருள். 'முறை தவறினான்' என்றால் நீதி தவறினான் என்று பொருள். நீதி கேட்டு வருவது முறையீடு. 'அவர் உங்களுக்கு என்ன முறை?' என்றால் உறவைக் கேட்கிறோம். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். தலைமடைக்காரன் கடைமடைக்காரனின் முறையைத் தனக்குத் திருப்பிக்கொண்டால், அது வெட்டுக்குத்தில் போய் முடியும். வரிசை, நீதி, உறவு, பங்கீடு இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்லை வைத்தவர்கள் சொற்பஞ்சத்தால் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். அடுத்தவனுக்குரிய நேரத்தை அடுத்தவனுக்கு விடுவதுதான் நீதியின் முதற்பாடம் என்று அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த முறைக்கு அந்தப் பூங்காக்களில் என்ன நேர்ந்தது என்பது எழுபது ஆண்டுக் கதை.

டிஸ்னியின் முதல் பூங்கா 1955 ஜூலை 17-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் திறந்தது. அன்று அழைப்புச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் கள்ளச் சீட்டுக்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். யாரோ ஒருவன் வேலியில் ஏணியைச் சாத்தி வைத்து, ஆளுக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு உள்ளே இறக்கிவிட்டான் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. அந்த ஏணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டில் சீட்டுப் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று வகை வகையான சீட்டுக்கள். சாதாரண ராட்டினத்துக்கு ஒரு சீட்டு. பெரிய சவாரிக்கு ஒரு சீட்டு. பணம் குறைவாக உள்ளவன் குறைவான சவாரிகளில் ஏறினான். ஆனால் எந்தச் சவாரியின் வாசலிலும் முன்னே வந்தவன் முன்னே போனான். 1982-ல் சீட்டுப் புத்தகமும் ஒழிந்து, வாசலில் ஒரே கட்டணம் என்றாயிற்று. ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் சமம்.

1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சவாரிக்கு அருகில் ஓர் இயந்திரம் இருக்கும். அது, 'இன்ன நேரத்துக்கு வா' என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுக்கும். அந்த நேரத்துக்குப் போனால் அதிகம் நிற்காமல் ஏறிவிடலாம். இதற்குப் பணம் கிடையாது. விடியற்காலையில் எழுந்து வந்தவனுக்கும், யோசித்துத் திட்டம் போட்டவனுக்கும் லாபம். சுறுசுறுப்புக்குக் கிடைத்த பரிசு என்று இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனாலும் அன்றே வரிசை இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளந்ததோடு பழைய வரிசையின் பெயரும் மாறிப்போனது. அதுவரை வெறும் வரிசையாக இருந்தது இப்போது 'ஸ்டாண்ட்பை' ஆயிற்று. இடம் மிஞ்சினால் ஏறலாம் என்று ஒதுங்கிக் காத்திருப்பவனுக்குரிய சொல் அது. முன்னே வந்து நின்றவன், சொல்லளவில், மிச்சத்துக்குக் காத்திருப்பவன் ஆகிவிட்டான்.

2021-ஆம் ஆண்டில் இலவசம் போயிற்று. அந்த அக்டோபரில் ஃபிளாரிடாவில், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து டாலர் என்று தொடங்கினார்கள். கொடுத்தவர்களுக்கு 'லைட்னிங் லேன்', அதாவது மின்னல் வழி, திறக்கும். பெயர் பெற்ற சில சவாரிகளுக்குத் தனித்தனியே விலை. பின்னர் நாளுக்கு ஏற்றபடி, கூட்டத்துக்கு ஏற்றபடி விலை ஏறி இறங்கத் தொடங்கியது. 2024-ல், எந்த நேரம் என்ற கட்டுப்பாடும் இல்லாமல் மின்னல் வழியுள்ள சவாரிகளில் எல்லாம் ஒவ்வொரு முறை புகுந்து வர ஓர் உயர்ந்த சீட்டு வந்தது. மாஜிக் கிங்டத்தில் நெரிசல் மிகுந்த நாளில் அதன் விலை, தலைக்கு, ஒரு நாளைக்கு, 449 டாலர் என்று வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் வேறு.

அன்று வேலிக்கு வெளியே ஏணி சாத்தியவனைத் திருட்டுப் பயல் என்றார்கள். இன்று வேலிக்குச் சொந்தக்காரரே ஏணியைச் சாத்தி வைத்து, அதற்கு வர்ணமும் பூசியிருக்கிறார். டிஸ்னியார் மட்டும்தான் இப்படி என்று சொல்வது நியாயமாகாது. அதே ஊரில் உள்ள யுனிவர்சல் பூங்காவிலும் பணம் கட்டினால் முந்திப் போகும் சீட்டு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல், பணத்தால் வாங்கக் கூடாதவை எவை என்று ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட நூலில், முதல் அத்தியாயத்தையே வரிசை தாண்டும் வழக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். உலகமெங்கும் பரவிவிட்ட வழக்கம் இது. பரவிவிட்டதனாலேயே நின்று யோசிக்க வேண்டியதாகிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது.

'விற்கிறவர் சம்மதிக்கிறார், வாங்குகிறவர் சம்மதிக்கிறார். நடுவில் உமக்கு என்ன?' என்பது முதல் வாதம். சரிதான். ஆனால் விற்கப்படும் பொருள் எது என்று பார்க்க வேண்டாமா? ஒரு சவாரி மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றிச் செல்கிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரிசையில் முந்நூறு பேர் நிற்கிறார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் கடைசி ஆள் பதினெட்டு நிமிஷத்தில் ஏறிவிடுவான். ஆயிரம் இடங்களில் எழுநூறு மின்னல் வழிக்குப் போய்விட்டால் அதே ஆள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வண்டி வேகமாக ஓடவில்லை. இருக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. மொத்தக் காத்திருப்பில் ஒரு நிமிஷமும் குறையவில்லை. ஒருவர் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலையில் ஏறியிருக்கிறது. அப்படியானால் பூங்காக்காரர் விற்றது தம்முடைய பொருளையா? வெயிலில் நிற்கிறவனுடைய நாற்பத்திரண்டு நிமிஷத்தை அல்லவா விற்றிருக்கிறார்? அந்த மூன்றாவது ஆளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? விலையில் அவனுக்கு ஒரு காசாவது பங்கு உண்டா?

'ரயிலில் முதல் வகுப்பு இல்லையா?' என்பது இரண்டாம் வாதம். இருக்கிறது. மெத்தை வேறு, காற்று வசதி வேறு. ஆனால் முதல் வகுப்பில் ஏறியவரும் இரண்டாம் வகுப்பில் ஏறியவரும் ஒரே நேரத்தில்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள். முதல் வகுப்புக்காரர் முந்திப் போக வேண்டும் என்பதற்காக இரண்டாம் வகுப்புப் பெட்டியைக் கழற்றி நடுவழியில் நிறுத்தி வைப்பதில்லை. பணம் கொடுத்துச் சுகத்தை வாங்குவது ஒன்று. பணம் கொடுத்து அடுத்தவனுடைய முறையை வாங்குவது வேறொன்று.

மூன்றாம் வாதம் கொஞ்சம் கூர்மையானது. 'ஐயா, மாஜிக் கிங்டத்தின் ஒரு நாள் டிக்கட்டே 2015-ல் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. ஏழை வாசலுக்கே வர முடியாது. உள்ளே வர முடிந்தவர்களுக்குள் சமத்துவம் குறைந்துவிட்டது என்று கண்ணீர் விடுகிறீரே, இது என்ன நியாயம்?' என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வாசலுக்கு வெளியே உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரெல்லாம் பள்ளமும் மேடுமாக இருக்கிறது என்பதற்காக, இருக்கும் ஒரு சமதரையையும் வெட்டிப் போடலாமா? மனிதர்கள் ஒருவரோடொருவர் தோளோடு தோள் உரசி நிற்கும் இடங்கள் உலகத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பணக்காரக் குழந்தை, தன் முறை வரும் வரையில் இன்னொரு குழந்தையோடு நிற்கக் கற்றுக்கொள்வதற்கு இருந்த இடம் அது. அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் பிறகு எங்கே கற்கும்?

இந்த மூன்று வாதங்களையும் விட என்னை அதிகமாக யோசிக்க வைத்தது வேறொரு செய்தி.

உடற்குறையோ மனக்குறையோ உள்ளவர்கள் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாது. அவர்களுக்காக ஒரு சலுகைச் சீட்டு இருந்தது. அதைக் காட்டினால் தனி வழியில் போகலாம். 2013-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. சில பணக்காரக் குடும்பங்கள், உடற்குறை உள்ளவர்களைக் கூலிக்கு அமர்த்தி, 'இவரும் எங்களோடு வந்தவர்' என்று காட்டி முந்திப் போகிறார்கள் என்பதே அது. அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். மாற்றிய விதியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. வரிசை அப்போது ஒரு மணி நேரம் என்றால், நிற்க இயலாதவரிடம், 'ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்' என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அவர் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்களைப் போலவே அவரும் காத்திருக்கிறார். நிற்கும் துன்பம் மட்டும் இல்லை. யாருடைய நிமிஷமும் பறிபோகவில்லை. கருணையும் முறையும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆனால் 2024-ல் அந்தச் சலுகையைப் பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டார்கள். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது காரணம். அதில் உண்மையும் இருக்கலாம். எனினும் வேறு நோய்களாலும் குறைகளாலும் நிற்க முடியாத பலர் வெளியே தள்ளப்பட்டோம் என்று வருந்தினார்கள், எதிர்ப்பும் தெரிவித்தார்கள். இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். நோயாளி, தன்னால் ஏன் நிற்க முடியாது என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மின்னல் வழியில் போகிறவரிடம், 'உங்களால் ஏன் நிற்க முடியாது?' என்று யாரும் கேட்பதில்லை. தேவைக்கு விசாரணை உண்டு; பணத்துக்கு விசாரணை இல்லை. ஒரு சமுதாயம் எதை நம்புகிறது, எதைச் சந்தேகிக்கிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி, குழந்தைக்கு வருவோம். பூங்கா என்னவோ அவர்களுக்காகத்தானே?

ஆறு வயதுக் குழந்தை ஒன்று தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வழியில் இன்னொரு குழந்தை நிற்காமல் நடந்து போகிறது. 'அப்பா, நாம்தானே முதலில் வந்தோம்? அவர்கள் ஏன் முன்னால் போகிறார்கள்?' என்று இது கேட்கிறது. அளவுகோலுக்கு முன்னால் அழுத குழந்தைக்கு, 'நீ வளர்ந்துவிடுவாய்' என்று பதில் சொல்ல முடிந்தது. கைக்குழந்தைக்காரி முந்திப் போனபோது, 'பாவம், அவர்களுக்குக் கஷ்டம்' என்று சொல்ல முடிந்தது. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 'அவர்கள் அதிகப் பணம் கொடுத்திருக்கிறார்கள்' என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால், அதுவரை வீட்டிலும் பள்ளியிலும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்த 'உன் முறை வரும் வரை பொறு' என்ற பாடத்துக்குப் பின்னால், 'பணம் இல்லாவிட்டால்' என்று ஒரு வால் முளைத்துவிடுகிறது. நடந்து போகிற குழந்தையும் ஒரு பாடம் கற்கிறது. நிற்கிறவர்களைக் கடந்து போவது இயல்பு என்ற பாடம் அது. இரண்டு பாடங்களில் எது அதிகக் கெடுதி செய்யும் என்று என்னைக் கேட்டால், இரண்டாவது என்றே சொல்வேன்.

மின்னல் வழிச் சீட்டு வாங்கும் ஒவ்வொரு தகப்பனையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயாராக இல்லை. கடல் கடந்து ஒரே ஒரு நாளைக்கு வந்தவன், பிள்ளையின் ஏமாந்த முகத்தைப் பார்க்கச் சகியாமல் பையில் கை விடுகிறான். விற்பனைக்கு வைத்த பின் வாங்காதே என்று மனிதனிடம் எவ்வளவு தூரம் எதிர்பார்க்க முடியும்? தவறு விற்பனைக்கு வைத்ததில் இருக்கிறது. பணம்தான் வேண்டுமென்றால் வாசற்கட்டணத்திலேயே அதை வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டம் தாங்கவில்லை என்றால் அன்றைக்கு இத்தனை பேர் என்று குறைத்துக்கொள்ளலாம். 1999-ல் செய்தது போல் காசில்லாமல் நேரம் குறித்துக் கொடுக்கலாம். அவற்றில் எல்லாம் லாபம் சற்றுக் குறையலாம். குறைகிற அந்த லாபம், யாருடைய நிமிஷங்களை விற்று வந்ததோ அவர்களுக்கே உரியது.

மாஜிக் கிங்டத்தில் ஒரு சிறிய படகுச் சவாரி இருக்கிறது. 1964-ல் தொடங்கிய நியூயார்க் உலகப் பொருட்காட்சியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு மரியாதையாக டிஸ்னி அமைத்த காட்சி ஒன்று உண்டு. இந்தச் சவாரியும் அதே மாதிரியில் அமைந்தது. படகு மெல்ல மிதந்து போகும். இரு கரையிலும் நூற்றுக்கணக்கான பொம்மைக் குழந்தைகள், நாட்டுக்கு நாடு உடை மாறி, ஆனால் ஏறத்தாழ ஒரே முகத்தோடு, ஒரே பாட்டைப் பாடும். உலகம் சிறியது, நாமெல்லாரும் ஒன்று என்பது பாட்டின் கருத்து. படகில் ஏறிய பிறகு யார் நின்று வந்தவர், யார் நிற்காமல் வந்தவர் என்று தெரியாது. இரண்டு குழந்தைகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு போகும்.

அந்தப் படகுத்துறையின் வாசலிலும் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன.